6746328388800: ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்

ராமானுஜன் என்றதும் நம் பிள்ளைகள் 1729 என்று சொல்லிவிடுவார்கள். டாக்சி எண், மருத்துவமனைக் கட்டில், கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதலாம் என்ற பதில், எல்லாம் டிசம்பர் 22 வந்தால் பள்ளிக்குப் பள்ளி மேடையேறும். நல்ல கதைதான். ஆனால் அவர் உட்கார்ந்து என்ன மாதிரி வேலை செய்தார் என்பது அந்தக் கதையிலிருந்து தெரியாது. அதைக் காட்டும் வேறோர் எண் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், அதற்குள் போய்விடலாம்.

6746328388800.

நம் வழக்கப்படி வாசித்தால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. பதின்மூன்று இலக்கம். 1915-இல் ராமானுஜன் வெளியிட்ட நீண்ட அட்டவணை ஒன்று இந்த எண்ணில் போய் முடிகிறது. இதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் இப்படி வரும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

2-இல் தொடங்கி 23 வரை ஒரு பகா எண்கூட விடுபடவில்லை. அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2, அப்புறம் வரிசையாக ஒன்று. இறங்குகிறதே தவிர எங்கும் ஏறவில்லை. இது தற்செயல் கிடையாது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் காகிதத்திலேயே ஒரு சோதனை. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டுங்கள்: 6, 746, 328, 388, 800. கடைசித் துண்டிலிருந்து தொடங்கி ஒன்றைக் கழித்து அடுத்ததைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 800 − 388 + 328 − 746 + 6. விடை பூஜ்யம். 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. ஆயிரத்தை 1001-ஆல் வகுத்தால் ஒன்று குறைகிறது. அதனால்தான் ஒவ்வோர் ஆயிரம் படிக்கும் குறி மாறுகிறது. இப்படிக் கூட்டிக் கழித்துப் பூஜ்யம் வந்தால் அந்த எண் 7, 11, 13 மூன்றாலும் மீதியின்றி வகுபடும். அதே துண்டுகளை வெறுமனே கூட்டினால் 2268. இதையும் 2, 268 என்று வெட்டிக் கூட்டினால் 270. 999 என்பது 27 × 37. 270 இருபத்தேழால் வகுபடுகிறது, முப்பத்தேழால் வகுபடவில்லை. மூல எண்ணும் அப்படியே. கால்குலேட்டரைத் தொடாமல் பதின்மூன்று இலக்க எண் ஒன்றின் உள்ளே இவ்வளவு பார்த்துவிட முடிகிறது.

இந்த எண்ணை 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. முதலில் தடுக்குவது 29. அப்புறம் 30-ஆல் வகுபடும், 31-ஆல் வகுபடாது, 32 முதல் 36 வரை மறுபடியும் வகுபடும்.

மொத்தம் எத்தனை காரணிகள் என்று எண்ணுவதும் எளிது. 12-ஐ எடுத்துக்கொள்வோம். அது 2² × 3. ஒரு காரணியை உருவாக்க, 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம், மூன்று வழி. 3-ஐ எடுக்கலாம், விடலாம், இரண்டு வழி. மூன்றிரண்டு ஆறு. 1, 2, 3, 4, 6, 12. ஆக, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி எல்லாவற்றையும் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை. நம் எண்ணுக்கு 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080.

பத்தாயிரத்து எண்பது காரணிகள். இதைவிடச் சிறிய எந்த முழு எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையாது. ஆறு லட்சத்துச் சொச்சம் கோடியில் ஒன்றுக்குக்கூட இல்லை. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்ணுக்கு உயர் பகு எண் என்று பெயர். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகும்.

பகா எண் யாருக்கும் பிரிந்துகொடுக்காது. உயர் பகு எண் அதற்கு நேர் எதிர்முனை. காசிமேட்டில் 60 மீனை 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 பேர் என்று யார் வந்தாலும் சமமாகப் பங்கு போட்டுவிடலாம். 61 மீன் ஆகிவிட்டால் ஒருவரே எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஆளுக்கொன்றாக 61 பேர் வேண்டும். சாதாரண எண்கள் இந்த இரண்டு முனைக்கும் நடுவில் எங்கோ இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையின் அஞ்சல் குறியீடான 600021-ஐப் பிரித்தால் 3³ × 71 × 313. மொத்தம் 16 காரணிகள். அதைவிடச் சிறிய 554400-க்கோ 216 காரணிகள். 600021 ஒன்றும் மோசமான எண் இல்லை, பெரும்பாலான எண்கள் அப்படித்தான். 554400 தான் அபூர்வம்.

இந்த அபூர்வங்களை ஒன்றுவிடாமல் தேடிப்பிடிக்கும் வேலையைத்தான் ராமானுஜன் எடுத்துக்கொண்டார்.

அவர் வாழ்க்கையில் வடசென்னைக்கு இருக்கும் பங்கை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். கும்பகோணம், கேம்பிரிட்ஜ் என்று தாவிவிடுகிறோம். பி.ஏ.-வுக்கு முந்தைய அன்றைய கல்லூரிப் படிப்பான எஃப்.ஏ. படிக்க அவர் சேர்ந்த பச்சையப்பன் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கிருந்து எழுதிய தேர்வில் அவர் தேறவில்லை. 1912 மார்ச்சில் எழுத்தராகச் சேர்ந்தது சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில். குடியிருந்தது சைவ முத்தையா முதலித் தெருவில், துறைமுகத்திலிருந்து நடந்துபோகும் தூரம். 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தான் துறைமுக அலுவலக எழுத்தர், சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்டு என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரை அடையாளம் கண்டு தாங்கியவர்கள். 1914 மார்ச் 17 அன்று அவர் கப்பலேறியதும் இதே துறைமுகத்தில்தான்.

அடுத்த ஆண்டே உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரை லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அறுபது பக்கத்துக்கு மேல் வெளிவந்தது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்தக் கட்டுரைக்காகத்தான். ஜார்ஜ் டவுனில் கைக்கு வராத பட்டம் காரணிகளை எண்ணியதால் வந்தது.

சரி, அடுக்குகள் ஏன் ஏறாமல் இறங்குகின்றன? கட்டுரை நிறுவும் அடிப்படை உண்மைகளில் இது ஒன்று, காரணமும் எளிது. நம் எண்ணில் 2-க்கு 6, 3-க்கு 4. இதை மாற்றி 2-க்கு 4, 3-க்கு 6 என்று வைத்தால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது, ஏனென்றால் 7 × 5 என்பது 5 × 7 ஆகிறது, அவ்வளவே. எண் மட்டும் இரண்டேகால் மடங்கு பெரிதாகிவிடும். அதே காரணி எண்ணிக்கையைச் சிறிய எண்ணிலேயே பெற முடியும்போது பெரியது உயர் பகு எண் ஆகாது. நடுவில் ஒரு பகா எண் விடுபட முடியாததற்கும் இதே காரணம். 19-ஐ விட்டு 23-ஐ வைத்திருந்தால், 23-ஐ எடுத்துவிட்டு 19-ஐ வைத்துச் சிறிதாக்கலாம். மூன்றாவது உண்மை கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் ஒன்று என்பது. இதற்கு விதிவிலக்கு இரண்டே இரண்டு, 4-உம் 36-உம். இதன் நிறுவல் முதல் இரண்டைப் போல இரண்டு வரியில் முடியாது.

உயர் பகு எண்கள் தீர்ந்துபோகுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தீராது. எந்த எண்ணை எடுத்து இரட்டித்தாலும், பழைய காரணிகள் எல்லாம் அப்படியே இருக்கும், இரட்டித்த எண்ணும் புதிதாகச் சேரும். அதனால் ஓர் உயர் பகு எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையிலோ, அந்த இரு மடங்கிலோ அடுத்தது கட்டாயம் வந்துவிடும்.

ஆனால் அடுத்தது எது என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். மேலே சொன்ன விதிகள் வடிகட்ட உதவும், முடிவு சொல்லாது. 30 என்பது 2 × 3 × 5. எல்லா விதிக்கும் பொருந்துகிறது, 8 காரணிகள். ஆனால் 24-க்கே 8 காரணிகள் வந்துவிட்டதால் 30-க்கு இடமில்லை. முயன்று பார்ப்பதைத் தவிர வேறு வழி தனக்குத் தெரியாது என்று ராமானுஜனே கட்டுரையில் எழுதுகிறார். அப்படி முயன்று முயன்று நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை வரிசைப்படுத்தினார், கையால். எந்த இயந்திர உதவியும் இல்லாமல் ஒவ்வோர் இடைவெளியிலும் எல்லா வேட்பாளர்களையும் நிறுத்தி எடைபோட வேண்டிய வேலை அது.

அந்த அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டிருப்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள்: 293318625600. அதாவது 29 ஆயிரத்து 331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. எனக்கு இந்த விடுபடல்தான் முழுக் கதையிலும் மிகவும் பிடித்த இடம். ஏனென்றால் அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்தால் இந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்று தெரிகிறது.

அதற்கு முந்தைய உயர் பகு எண் 240940299600. பிரித்தால் 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 4800. அடுத்த எண் 321253732800. அது 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 5376. இரண்டிலும் 23 இருக்கிறது, இரண்டிலும் 7-இன் அடுக்கு ஒன்று. நடுவில் விடுபட்டதோ 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அதில் 23 கிடையாது, 7 இருமுறை வருகிறது.

என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பாருங்கள். முந்தைய எண்ணிலிருந்து 23-ஐ வெளியே எடுத்தால் காரணிகள் பாதியாகி 2400. அந்த இடத்தில் 2 × 2 × 7, அதாவது 28-ஐ வைக்கிறோம். 2-இன் அடுக்கு 4-லிருந்து 6 ஆகும்போது எண்ணிக்கை ஐந்துக்கு ஏழு என்ற கணக்கில் 3360 ஆகிறது. 7-இன் அடுக்கு 1-லிருந்து 2 ஆகும்போது ஒன்றரை மடங்காகி 5040. 23 போய் 28 வந்ததால் எண் கொஞ்சம் பெரிதானது, காரணிகளும் 240 கூடிவிட்டன. அடுத்த அடியில் ஒரு 3-உம் ஒரு 7-உம், அதாவது 21 வெளியே போகிறது. 23 திரும்பி வருகிறது. 5040 என்பது 4032 ஆகி, 2688 ஆகி, 23 சேர்ந்ததும் இரட்டித்து 5376. 23 வெளியேறி உடனே திரும்பும் இந்த இடைவெளியில்தான் அந்த எண் நிற்கிறது. பெரிய பகா எண் ஒன்று உள்ளே வந்துவிட்டால் அது நிலைத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உயர் பகு எண்களின் வரிசையில் அது அப்படி நடப்பதில்லை.

விடுபட்ட அந்த எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 293318625600 × 23 = 6746328388800. அட்டவணையின் கடைசி எண்! அட்டவணையில் எழுதப்படாத எண், அட்டவணை முடியும் எண்ணுக்குள்ளேயே அதன் 10080 காரணிகளில் ஒன்றாக இருக்கிறது. விடுபட்டதன் காரணிகள் 5040, கடைசி எண்ணின் காரணிகள் சரியாக அதன் இரட்டிப்பு. 5040, 10080 இரண்டுமே தம் அளவில் உயர் பகு எண்கள்.

1729-உம் உள்ளேதான் இருக்கிறது. 7 × 13 × 19 = 1729; மூன்று பகா எண்களும் நம் எண்ணில் உண்டு. 6746328388800-ஐ 1729-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 3901867200. டாக்சி எண்ணை விரும்பும் பிள்ளைகளை இங்கே அழைத்துவர இதுவே வாசல் என்று நினைக்கிறேன்.

கட்டுரையின் கதை 1915-உடன் முடியவில்லை. ராமானுஜன் எழுதியது அச்சானதைவிட நீளம். போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி இருந்ததால் ஒரு பகுதி வெளிவரவில்லை. அந்தப் பகுதியை ழான் லூயி நிக்கோலா, கீ ரோபன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் குறிப்புகளோடு 1997-இல் வெளியிட்டார்கள், எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அதில் ராமானுஜன் காரணிகளை எண்ணுவதோடு நிற்காமல் காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகப் போக முடியும் என்ற கேள்விக்கும் போகிறார்.

நம் எண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டினால் அந்த எண்ணைப் போல ஏறக்குறைய 5.84 மடங்கு வரும். 6, 28 போன்ற நிறைவெண்களுக்கு இது சரியாக 2 மடங்கு. இந்த மடங்குக்கு உச்சவரம்பு உண்டா? ரோபன் 1984-இல் ஒரு வரம்பைக் காட்டினார். எண்ணின் இயல் மடக்கையை (natural logarithm, கால்குலேட்டரில் ln) எடுத்து, அதற்கும் இயல் மடக்கை எடுத்து, 1.781 என்ற மாறிலியால் பெருக்க வேண்டும். நம் எண்ணுக்கு அது சுமார் 6.03. 5.84 அதற்குக் கீழேதான். 5040-ஐவிடப் பெரிய ஒவ்வொரு முழு எண்ணும் இப்படித் தன் வரம்புக்குக் கீழேயே இருந்தால் ரீமன் கருதுகோள் உண்மை. அந்தக் கருதுகோள் உண்மையானால் எல்லா எண்ணும் கீழேயே இருக்கும். இரண்டும் ஒன்றே என்று ரோபன் நிறுவினார். 1859-இலிருந்து தீராமல் நிற்கும், பகா எண்களின் பரவல் பற்றிய மிகப் பெரிய கேள்வி, பகா எண்ணுக்கு எதிர்முனையில் நிற்கும் எண்களின் காரணிக் கூட்டலாக மாறி வந்து நிற்கிறது. அந்தக் கூட்டல் எவ்வளவு தூரம் வளரும் என்பதை ரீமன் கருதுகோளை ஏற்றுக்கொண்டு ராமானுஜன் ஏற்கெனவே கணக்கிட்டிருந்தார் என்பது வெளியாகாத அந்தப் பக்கங்களில் இருந்தது.

இதையெல்லாம் வடசென்னையில் உட்கார்ந்து படிக்க நமக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. ஜார்ஜ் டவுன் முத்தியால்பேட்டை உயர்நிலைப்பள்ளிக் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1960களில் ராமானுஜனின் கடிதங்களையும், அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தொகுத்தார். ஒரு பள்ளிக்கூடம் அதை வெளியிட்டது. 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அவர் உழைப்போடு தொடங்கின. பெரிய பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டியதைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்தார். அந்தத் தெருக்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அந்நியமாக இருக்கக் காரணமே இல்லை.

ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் 240940299600, 293318625600, 321253732800 மூன்றையும் பலகையில் பகாக் காரணிகளாக எழுதிவிட்டு, எது வெளியே போனது, எது உள்ளே வந்தது என்று கேட்டாலே ஒரு முழு வகுப்பு போதாது. அது பிடித்துவிட்டால் ராமானுஜன் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் போகலாம். கடைசி எண்ணிலிருந்து ஒரு 3-ஐ எடுத்து இரண்டு 2-ஐ வைத்தால் 8995104518400, காரணிகள் 10368. அடுத்த உயர் பகு எண் அதுதான். அதற்கும் அடுத்தது 9316358251200, காரணிகள் 10752. அதில் இரண்டு 2-உம் ஒரு 7-உம் குறைந்து, 29 முதன்முறையாக உள்ளே வருகிறது. அதற்கடுத்த 13492656777600-இல், நம் எண்ணின் இரட்டிப்பில், 29 மறுபடியும் இல்லை. அதற்கும் அடுத்த 18632716502400-இல் திரும்ப வந்துவிடுகிறது.